நாவில் படாத பஞ்சாமிர்தம்

விழுங்க முடியாமல் கிடப்பவர்களுக்கு ஊட்டுவதையே தொண்டாகக் கொண்டவர் மயிலாத்தாள் அம்மையார். தாராபுரத்தில் ஒரு மருத்துவமனையில் வார்டு உதவியாளர். மூக்கு வழியே வயிற்றுக்குச் செல்லும் மெல்லிய குழாயில் நோயாளிகளுக்குப் பால் விடுவது அவர் வேலை. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் "முருகா, நீயே கூடப் போ" என்பார். ஒருவருக்கு ஊட்டும்போதே அடுத்தவர் பசி அவரை அரிக்கும். பதைப்பும் பக்தியும் அவருக்கு வேறு வேறல்ல.

குழாய்வழி உணவூட்டுவது பற்றி ஊழியர் எல்லோருக்கும் ஆன்லைன் பயிற்சி வைத்தார்கள். மற்றவர்கள் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு ஊர்க்கதை பேசினர். அம்மையாரோ செருப்பைக் கழற்றிவிட்டு, போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அமர்ந்தார்.

"ஏனுங்க்கா, போனுக்குப் பொட்டு வெக்கலீங்களா?" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சோறூட்டச் சொல்லித் தர்றதும் சாமிதான் கண்ணு" என்றவர், புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். தலைமாட்டை உயர்த்த வேண்டும்; குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; மருத்துவர் சொன்ன உணவைத் தவிர வேறெதையும் விடக்கூடாது. அந்தக் கடைசிப் பாடம்தான் அவரைப் படாத பாடு படுத்தியது.

வார்டில் நாச்சிமுத்து என்ற பெரியவர் பக்கவாதம் வந்து நினைவின்றிக் கிடந்தார். ஆண்டு தவறாமல் பழனிக்குக் காவடி எடுத்தவர். தைப்பூசம் முடிந்ததும் அவர் மனைவி பாப்பாத்தியம்மாள் மலையிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவோடு ஓடி வந்தார்.

"இதைத் தண்ணியில கரைச்சுக் குழாயில உடு அம்மிணி. இது வயித்துல எறங்காம அவரு கண்ண மூடுனா என்ற கட்ட வேகாது."

அம்மையார் குழாயின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "ஆவாதுங்கம்மா. குழாய் அடைச்சுக்கும். அப்புறம் பாலும் போவாது, மருந்தும் போவாது."

"நெத்தி நெறையத் திருநீறு பூசிக்கிட்டு முருகன் பிரசாதத்தையே வேண்டாங்கிறயே, நீயெல்லாம் ஒரு பக்தையா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. "எல்லாம் வேசம்" என்றது ஒரு குரல். ஐயோ, அந்தச் சொல்லை எந்த அடியார் தாங்குவார்!

அம்மையார் வராந்தாவில் போனார், வந்தார், மறுபடி போனார். தேடி வந்த முருகனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டோமோ? ஒரே ஒரு சொட்டு விட்டால்தான் என்ன? விட்டு, அந்த மனிதருக்கு ஏதேனும் ஆகிவிட்டால்? மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அதற்குள் பால் நேரம் வந்துவிட்டது. குவளையை இரு கையாலும் தூக்கிப் பிடித்து வாய்விட்டு அழுதார்.

"முருகா, கோவம்னா எம்மேல காட்டு, இவரு மேல காட்டிப்புடாத. இந்தப் பாலையே உன்ற பிரசாதமா ஆக்கிக் குடு."

பிறகு தலைமாட்டை உயர்த்தி, குழாயைச் சோதித்து, மெல்ல மெல்லப் பால் விட்டார். பாப்பாத்தியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை பெரியவர் கண் திறந்தார். மனைவியைத் தேடிப் பிடித்தது பார்வை. குழறிய நாவால் முதல் வார்த்தை சொன்னார்.

"பஞ்சாமிர்தம்... நல்லா இனிச்சுது புள்ள."

பாப்பாத்தியம்மாள் தம் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்தார். மூடி திறக்கப்படவே இல்லை. "அப்பனே!" என்று அலறிக்கொண்டு ஓடி, அடுத்த கட்டிலில் பால் விட்டுக்கொண்டிருந்த அம்மையாரின் காலைக் கட்டிக்கொண்டார்.

"இருங்கம்மா, கை ஆடுதுங்க, பால் சிந்தீரும்" என்றார் அம்மையார், கண்ணீர் வழிய.

குழாயில் போகும் பால் நாவில் படாது. அந்த நாவில் வந்து இனித்தவன் யாரென்று நாம் சொல்லவும் வேண்டுமோ! பிரசாதத்தை மறுத்தும் முருகனைப் பெற்ற மயிலாத்தாள் அம்மையாரின் திருவடி நம் தலைமேல் இருக்கட்டும்.