அந்தப் பக்கம் போன ஏழு

கனகவல்லி டியூஷன் வகுப்புக்குள் வரும்போதே முகம் சரியில்லை. செருப்பை வாசலில் உதறிவிட்டு, பையைத் தரையில் போட்டுவிட்டு, உட்கார்ந்தாள்.

நாற்பதை நெருங்கும் வயதில் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதப் போகிறவள். வாணியம்பாடியில் அவளுக்குக் கணக்குச் சொல்லித்தந்த மெகருன்னிசா அவளைவிட ரொம்பவே சின்னவள். ஆனாலும் கனகவல்லிக்கு அவள் டீச்சர்தான்.

மெகருன்னிசா பலகையில் எழுதினாள்: 3x + 7 = 22.

“இதைப் போடுங்க அக்கா.”

கனகவல்லி ஏழைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். 3x = 29. மூன்றால் வகுத்தாள். மீதி வந்தது. மறுபடி வகுத்தாள். பென்சில் முனை ஒடிந்தது.

“குறியை மாத்தலை நீங்க.”

“ஏன் மாத்தணும்?” குரல் உயர்ந்துவிட்டது. “அந்தப் பக்கம் போனா மாறும், அந்தப் பக்கம் போனா மாறும்னு சின்ன வயசிலேருந்து சொல்றாங்க. ஏன்னு கேட்டதுக்கு என்னை வகுப்புக்கு வெளியே நிக்க வச்சாங்க. இங்கே கூட்டலா இருந்தது அங்கே போனதும் ஏன் கழித்தல் ஆகணும்? அது என்ன தப்புப் பண்ணுச்சு?”

மெகருன்னிசா அவளையே பார்த்தாள்.

“வீட்டிலே என்ன நடந்தது?”

“திங்கட்கிழமை பரீட்சை. அன்னைக்கே கொழுந்தன் மகளுக்குக் காதுகுத்தாம். ‘அடுத்த தடவை எழுதிக்கோ’ங்கறார் இவர். போன தடவை மாமியாருக்குக் கண் ஆபரேஷன், அப்பவும் நான்தான் எழுதலை. தையல் கடை வேலையை விட்டதும் நான்தான். குடும்பம்னா ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கணுமாம். ‘நீங்க எதை விட்டீங்க’ன்னு காலையிலே கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுட்டார்.”

சொல்லி முடித்தாள். அழுகை இல்லை, ஆத்திரம்.

மெகருன்னிசா ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து போய், முதல் வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்.

3x + 7 − 7 = 22 − 7.

“ஏழு எங்கேயும் போகலை அக்கா. சுருக்கமா சொல்றதுக்காக அப்படிச் சொல்லிப் பழக்கிட்டாங்க. இந்தப் பக்கம் ஏழை எடுத்தேன். அதனாலே அந்தப் பக்கமும் ஏழை எடுக்கணும்.”

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்.”

கனகவல்லி பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மொட்டைப் பென்சிலாலேயே அழுத்தி எழுதினாள். 3x = 15. x = 5. விடை வந்துவிட்டது. கோபம் போகவில்லை. ஆனால் அது கணக்கின் மேல் இல்லை இப்போது.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“ஒரே பக்கத்திலேருந்து மட்டும் எடுத்துக்கிட்டே இருந்தா?”

மெகருன்னிசா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“அப்போ நடுவிலே சமக்குறி போடக் கூடாது அக்கா.”