சின்னாத்தாவின் காப்பு

“எந்த இலையை விட்டுட்டேன், அம்மா?”

சடையன் ஓடி வந்திருந்தான். அவனுக்கு மருந்து கற்றுத் தரும் வெள்ளச்சி வயதில் அவனுக்கு இளையவள். ஆனாலும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

“யாருக்குக் குடுத்தீங்க, அண்ணே?”

“என் வீட்டுக்காரிக்கு. குடுத்துக்கிட்டே இருக்கேன். காய்ச்சல் இறங்கல.”

வெள்ளச்சி அவனோடு போனாள். சட்டியில் இருந்த நிலவேம்புக் கசாயத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“சரியாத்தான் காய்ச்சியிருக்கீங்க.”

“இன்னும் கசப்பு ஏத்தட்டுமா?”

“ஏத்தினா சட்டி எழுந்து ஓடிடும்.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னாத்தா பாயில் கிடந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் நூல். மருந்து தொடங்கும்போது கட்டும் காப்பு. அதைக் கட்டியவர் ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. காய்ச்சல் இறங்கினால் அவிழ்ப்பார்கள். ஆள் இறந்தால் அறுப்பார்கள்.

“ஒண்ணுக்குப் போனாங்களா?”

“நேத்துப் போனதுதான்.”

வெள்ளச்சி குனிந்தாள். “அண்ணி, இது யாரு?”

சின்னாத்தா புருஷனை வெகுநேரம் பார்த்தாள்.

“ஆடு வாங்க வந்தவரு.”

வெள்ளச்சி எழுந்தாள்.

“போர்வையைக் கம்புல கட்டுங்க. மலைக்குக் கீழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்.”

“காப்பு இருக்கே!”

அவள் கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்தாள். நூல் பாயில் விழுந்தது.

சடையன் அலறிவிட்டான்.

“உசுரு இருக்கறப்பவே அறுத்துட்டீங்களே!”

“இருக்கறதாலதான் அறுத்தேன்.”

அவன் போர்வையைக் கம்பில் கட்டினான். முடிச்சு நிற்கவில்லை. அவளே போட்டாள்.

அவன் முன்னால், அவள் பின்னால். கம்பு தோளில் அழுத்தியது. தூளிக்குள் சின்னாத்தா யாரிடமோ ஆட்டு விலை பேசிக்கொண்டு வந்தாள்.

வழியில் ஆட்கள் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்கள். வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

“வெள்ளச்சி மருந்து தோத்துப்போச்சுன்னு சொல்லுவாங்க, அம்மா.”

“சொல்லட்டும்.”

“அப்புறம் உங்ககிட்ட யாரு வருவா?”

அவள் கம்பைத் தோள் மாற்றினாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது.

எல்லைக் கல் வந்தது. சடையன் நின்றுவிட்டான். தூளிக்குள் பேச்சு ஓய்ந்திருந்தது.

“இலையிலயும் குறை இல்ல, காய்ச்சினதுலயும் குறை இல்ல. அப்ப எதுலதான் குறை, அம்மா?”

பின்னாலிருந்து குரல் வந்தது.

“முன்னால நிக்கறது நீங்க. நீங்க காலை எடுத்து வெச்சாத்தான் நான் வைக்க முடியும்.”

சடையன் கல்லைத் தாண்டினான்.