நண்டு இழுத்த சிறகு

அந்தக் காலத்தில், பறவையும் மீனும் நண்டும் ஒரே பாஷையில் பேசி ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நீர்க்காகத்துக்குச் சிறகை விரித்து உட்காரத் தெரியாது. முக்குளித்து எழும், ஈரத்தோடு கூனிக் குறுகி உட்காரும், மறுபடி தண்ணீரையே குனிந்து பார்க்கும். வேலையும் அதுதான், பொழுதுபோக்கும் அதுதான்.

ஒரு கண்மாயின் நடுவே நின்ற கருவேல மரத்தில் அப்படியொரு நீர்க்காகம் குடியிருந்தது. நிறம் அடுப்புக்கரி. பெயர் என்னவோ வெள்ளையம்மா. பெற்றவளுக்கு ஆசை இருக்காதா? மீன் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்தக் கண்மாயில் ஆளில்லை. ஆனால் நாளெல்லாம் குனிந்தே இருந்ததில் நெஞ்சு ஒடுங்கி, தோள் இரண்டும் முன்பக்கம் சுருண்டுவிட்டன. அதை அவள் கவனிக்கவே இல்லை. வயிறு நிறைகிறவரைக்கும் தோளைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

பங்குனி வெயில் ஏறியது. கண்மாய் ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. பக்கத்து மரத்துக் கொக்கு ஒச்சாயி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்:

“ஏத்தா வெள்ளையம்மா, இன்னும் என்ன குனிஞ்சு பாத்துக்கிட்டே இருக்கவ? சித்திர பொறந்தா இதுல தவளகூட இருக்காது. மலைக்கு அந்தப் பக்கம் வத்தாத ஆறு கெடக்கு. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு.”

“இதோ கெளம்பிட்டேன்” என்று வெள்ளையம்மா எழும்பினாள். கரை உயரம்கூடப் போகவில்லை. நெஞ்சில் பிடித்துக்கொண்டது. சிறகு தோளுக்கு மேலே ஏறவே மாட்டேன் என்றது. தொப்பென்று சேற்றில் விழுந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றுக்கும் சிறகு முளைத்து, பறக்கவும் வந்துவிட்டது. “நீங்க போங்கய்யா, நான் பின்னாடி வாரேன்” என்றாள். “நீ வராம நாங்க போகமாட்டோம் ஆத்தா” என்று மூன்றும் மரத்தைவிட்டு நகரவில்லை. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தான் இருந்தால் பிள்ளைகளும் இருக்கும். தண்ணீர் வற்றினால் நான்கு பேரும் கருவாடுதான்.

கரை வளையில் பெரியாண்டி, சின்னாண்டி என்று இரண்டு நண்டுகள் இருந்தன. ஊர் விவகாரம் எதுவானாலும் முதலில் தலை நீட்டுகிற சாதி.

“இதுக்கா அக்கா இவ்வளவு விசனம்?” என்றான் பெரியாண்டி. “சிறகு சுருண்டிருக்கு. இழுத்துவிட்டா நிமிந்துரும்.”

“நான் வலப்பக்கம், அண்ணன் எடப்பக்கம்” என்றான் சின்னாண்டி. “ஒரே இழு. பொழுது சாயறதுக்குள்ள மலையத் தாண்டிருவ.”

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. “சரி, இழுங்கடா” என்று சொல்லிவிட்டாள் வெள்ளையம்மா. சிறகு நுனிகளைக் கொடுக்கில் கவ்விக்கொண்டு ஒருவன் கிழக்கே ஓடினான், மற்றவன் மேற்கே ஓடினான். முதலில் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் சுருக்கென்றது. “போதும்டா!” என்றாள். “போதும்ங்கறப்பத்தான் இன்னுங் கொஞ்சம் இழுக்கணும்” என்றான் பெரியாண்டி. “விடுங்கடா பாவிகளா!” என்று அலறினாள். “புடிச்சா விடறது எங்க வம்சத்துலேயே இல்லக்கா” என்றான் சின்னாண்டி. தோளுக்குள் ஏதோ மளுக்கென்றது.

அலறல் கேட்டு ஒச்சாயி ஓடிவந்தாள். “அடடே, ரெண்டு நண்டும் ஒண்ணா வெளிய வந்திருக்கே!” என்று அலகைத் தீட்டினாள். வம்சம் மாறிப்போனது. இரண்டும் விட்டுவிட்டு வளைக்குள் பாய்ந்தன.

வெள்ளையம்மாவின் இடது சிறகு தொங்கிப்போயிற்று. தத்தித் தத்தி மரமேறிக் கூட்டில் படுத்தவள் அசையவே இல்லை. நண்டைத் திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள். சுருங்கிய குட்டையில் மீன் நெருக்கியடித்துக் கிடந்ததால் பிள்ளைகளே பிடித்துவந்து ஊட்டின. அந்த மீனும் குறைந்துகொண்டே வந்தது.

வீக்கம் வற்றி, தொங்கிய சிறகு பழைய நிலைக்கு வந்து, வலி அடங்கிய பிறகு ஒருநாள், வெயில் முதுகில் இதமாக ஏறியிருந்த நேரம், தண்ணீர் குடிக்க மெல்ல இறங்கினாள். மரத்தின் கவைக்கு நடுவே வந்தபோது வலது சிறகு ஒரு கிளையிலும் இடது சிறகு மறு கிளையிலும் தங்கிவிட்டன. உடம்பு தானாகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. நெஞ்சு விரிந்தது. இழுத்தது, ஆனால் வலிக்கவில்லை.

இன்னும் சாய்ந்து பார்த்தாள். சுருக்கென்றது. சட்டென்று பின்வாங்கினாள். “ஓகோ, இழுக்குறது வேற, வலிக்கிறது வேறயா?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுருக்கென்ற இடத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, மூச்சை அடக்காமல் நிதானமாக இழுத்துவிட்டாள். நிமிர்ந்தாள், இளைப்பாறினாள், மறுபடி சாய்ந்தாள். இந்தத் தடவை இழுப்பவளும் அவள்தான், போதும் என்பவளும் அவள்தான்.

அன்றாடம் அதுவே வேலையானது. விடியற்குளிரில் உடம்பு விறைத்திருக்கும்போது தொடமாட்டாள். வெயில் ஏறி உடம்பு சுட்ட பிறகுதான். “மழையே இல்ல, யாருக்கு ஆத்தா கொடை பிடிக்கிறவ?” என்று பிள்ளைகள் கேலி செய்தன. கீழே குட்டை நாளுக்கு நாள் சிறுத்தது. அவசரப்படு அவசரப்படு என்று மனசு அடித்துக்கொண்டாலும் அவள் தோள் சொன்னதைத் தாண்டவில்லை.

குட்டை வெறும் சேறாகிவிட்ட காலையில் ஒச்சாயி வந்து, “இன்னைக்கு நான் போறேன்த்தா” என்றாள். வெள்ளையம்மா வெயிலுக்குக் காத்திருந்து, கவையில் சாய்ந்து எழுந்து, சிறகை அடித்தாள். கரை கீழே போனது. பனை கீழே போனது. பின்னால் மூன்று பிள்ளைகளும் ஊரைக் கூட்டிக் கத்திக்கொண்டு வந்தன. மலை உச்சியைத் தாண்டும்போது வெள்ளையம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

ஆற்றில் இறங்கி ஆசைதீர முக்குளித்து எழுந்தாள். சாய்ந்துகொள்ளக் கவை இல்லை, ஒரு மொட்டைப் பாறைதான் இருந்தது. கவை இல்லாவிட்டால் என்ன, காற்று இருக்கிறதே என்று அதன்மேல் ஏறி இரண்டு சிறகையும் விரித்தாள். பக்கத்துப் பாறைகளில் பிள்ளைகளும் விரித்தன. ஆற்றிலிருந்த மற்ற நீர்க்காகங்கள் முதலில் சிரித்தன, பிறகு அவையும் ஏறி நின்றன. ஆற்றங்கரை நண்டு ஒன்று மட்டும் வளையிலிருந்து தலை நீட்டி, “கொஞ்சம் இழுத்துவிடட்டுமாக்கா?” என்றது. கேட்டு முடிப்பதற்குள் பாறை காலியாகிவிட்டது.

அன்று முதல்தான், நீர்க்காகம் முக்குளித்து எழுந்ததும் வெயிலைப் பார்த்துச் சிறகை மெல்ல விரித்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. ஒத்தாசை செய்கிற முகத்தோடு யார் கிட்டே போனாலும், மடக்கிக்கொண்டு பறந்துவிடுகிறது.