பதினான்காவது சொல்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தும் ஹெப்சியிடம், இருபக்கமும் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோ படிக்கப் போனார், விசைப்படகு மெக்கானிக் சூசைநாயகம். ஊரே சிரித்தது. அவர் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் வாயை மூடியது.

வீட்டில் வைத்த ரேடியோ நிலையம் முழுக்க அவர் கைவேலை. இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஏரியல் கம்பி. காற்றில் மரம் ஆடினால் கம்பி அறுந்துவிடும் என்று, அதன் ஒரு நுனியைக் கப்பி வழியாக இறக்கி ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மின்சாரத்துக்குப் படகு பேட்டரி. உப்புக்காற்றின் ஈரத்தில் ரேடியோ பூத்துப் போகாதிருக்க, அதை வைத்த பெட்டிக்குள் ஒரு சின்ன பல்பு எப்போதும் எரியும். எல்லாம் ஹெப்சி சொன்னபடிதான்.

ஒன்று மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. செய்தி அனுப்புமுன் அதிலுள்ள வார்த்தைகளை எண்ண வேண்டும். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் செய்தியை வாசிக்க வேண்டும்.

“விசயம் போய்ச் சேந்தா போராதா, டீச்சர்? சாளை மீனை எண்ணுற மாதிரி எதுக்கு எண்ணணும்?”

“எண்ணிப் பழகுங்க, மாமா.”

“சரி, எண்ணுறேன். அதை எதுக்கு முதல்ல சொல்லணும்? கடைசியில சொன்னா ஆகாதா?”

“முதல்லதான் சொல்லணும்.”

இதெல்லாம் ஒரு பதிலா என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். ஆனால் எண்ணப் பழகினார்.

பிறகு புயல் வந்தது. அது ஓய்ந்து மூன்று நாளாகியும் போன் எதுவும் வேலை செய்யவில்லை. ஹெப்சி மாவட்ட அலுவலகத்தில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தாள். தூரத்துத் தீவில் ஒருவர் சின்ன ரேடியோ வைத்திருந்தார். அவர் குரல் அவளுக்கு எட்டவில்லை. கடலோரத்தில் இருந்த சூசைநாயகத்துக்கு எட்டியது. அவர் கேட்டு எழுதி அவளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

ஊர்ப் படகு ஒன்றைப் பற்றி மட்டும் தகவல் இல்லை. அதில் எட்டுப் பேர். ஒருவன் ரெக்சன், சூசைநாயகத்தின் மருமகன். மகள் அஜிலா காலையிலிருந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. முற்றம் நிறையப் பெண்கள்.

மூன்று மணிக்கு ஹெப்சி கூப்பிட்டாள்.

“மாமா, இருக்கது ஒரே ஹெலிகாப்டர். இருட்டுமுன்ன ஒரு தடவைதான் போக முடியும். வடக்க ஒரு படகு எஞ்சின் நின்னு நங்கூரம் போட்டுக் கிடக்கு, அஞ்சு பேர். அதைவிட ஆபத்துல யாரும் இல்லன்னா அங்கதான் அனுப்புவாங்க. தீவுல இருந்து எது வந்தாலும் உடனே சொல்லுங்க.”

நான்கு மணிக்குத் தீவு பேசியது. ஹெட்போனுக்குள் கடலை வறுப்பதுபோல் இரைச்சல். இரண்டு செய்திகளை இரண்டு தாள்களில் எழுதினார். முதல் தாளைத் திரும்ப வாசித்துக் காட்டினார். சரி என்றார் தீவுக்காரர். எண்ணினார். பதிமூன்று.

பிடரியில் அஜிலாவின் மூச்சு பட்டது. அவர் மைக்கின் பொத்தானை அமுக்கினார்.

“வார்த்தை பதிமூணு. எட்டுப் பேரில் ஆறு பேர் தீவில் கரை ஏறினர்.”

முற்றத்தில் ஒருத்தி விம்மினாள்.

“இருவர், ரெக்சன், ததேயு...”

மகள் நாற்காலியை இழுத்துப் பிடித்தாள். அந்த இழுப்பு அவர் முதுகுக்குத் தெரிந்தது. தாளில் இல்லாத ஒன்று அவர் வாயிலிருந்து விழுந்தது.

“...பத்திரமாகப் படகோடு தெற்கே போயினர்.”

“பத்திரமா இருக்காவ!” அஜிலா முற்றத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

“பத்திரமாத்தான் இருக்காங்களா? நல்லது,” என்றாள் ஹெப்சி. “அப்போ வடக்கேயே அனுப்பச் சொல்லுறேன். பொறுங்க, எண்ணிப் பாக்கேன்.”

சூசைநாயகத்தின் முகத்தில் ஈயாடவில்லை. தெற்கே கரை கிடையாது, வெறும் ஆழ்கடல். அது அவருக்குத் தெரியாததல்ல. ஒரு ராத்திரிதானே, காலையில் ஹெலிகாப்டர் அங்கே போகாதா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மகள் அன்று முதல்முறையாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

ஹெப்சி திரும்ப வந்தாள்.

“மாமா, பதிமூணுன்னு சொன்னீங்க. இங்க பதினாலு இருக்கு.”

அவர் விரல் பொத்தானைத் தேடியது.

“எண்ணினது தப்புன்னா அதைச் சொல்லுங்க. பதினாலுன்னு திருத்திக்கிறேன்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொத்தானை அமுக்கினார். விட்டார்.

ரெக்சன் யாரென்று ஹெப்சிக்கும் தெரியும். அவள் குரல் தணிந்தது.

“இல்லன்னா, இந்தப் பதினாலுல உங்க வார்த்தை எது, மாமா?”

கேள்வி அவர் காதுக்கு மட்டும்தான் கேட்டது. பதில் வீட்டுக்கே கேட்கும். தாளைப் பார்த்தார். அவர் கையெழுத்தில் பதிமூன்று வார்த்தைகள் இருந்தன. அவற்றில் ஒன்றும் அவர் சேர்த்ததல்ல.

பொத்தானை அமுக்கினார்.

“பத்திரமாக,” என்றார். “தீவு அதைச் சொல்லல. நான் சொன்னது.”

அஜிலா தம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால், பழைய இடத்தில் நின்றாள். சூசைநாயகத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அந்தப் பக்கம் ஹெப்சி யாரிடமோ அவசரமாகப் பேசுவது கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ ஓடினார்கள். பிறகு அவள் குரல் வந்தது.

“பதிமூணு, சரி. ஹெலிகாப்டர் தெக்க போவுது. அடுத்த செய்தி எத்தனை வார்த்தை, மாமா?”

சூசைநாயகம் இரண்டாவது தாளை எடுத்து, விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார்.