பேர் கேட்டுப் போட்ட சோறு

பெரியவர்களே, பிள்ளைகளே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சீன தேசத்துக் கதை. எந்த ராஜா காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜாவுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு பெரிய ஆறு இருந்தது, அதன் கரையில் ஓர் ஊர் இருந்தது, அந்த ஊரில் ஜிங்கூ என்று ஒரு விதவை இருந்தாள்.

பட்டுக்கூடு அவிப்பது அவள் தொழில். ஒரே மகன், தாவ்ஷெங். உப்புப் படகில் வேலைக்குப் போனவன், சுழலில் சிக்கிப் படகோடு போய்விட்டான். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஏழாம் மாதம் பிறந்தால் செத்தவர்கள் உலகத்தின் கதவு திறக்கும். முறையாக அடக்கம் ஆனவர்கள் நேரே தங்கள் வீட்டுக்குள் வந்து சாப்பிடுவார்கள். உடம்பு கிடைக்காதவர்கள், பாவம், தெருத்தெருவாய் அலைவார்கள். அவர்களுக்காக வாசலில் சோறு வைத்து, ஊதுபத்தி ஏற்றி, "யாரா இருந்தாலும் வந்து சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். பேர் கேட்கக் கூடாது. ஏன் கூடாது என்று ஜிங்கூ யாரையும் விசாரித்ததில்லை.

அவளுக்கு மனசு ஆறவில்லை. வருஷம் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, மகனுக்குப் பிடித்த ஒட்டரிசிச் சோற்றைத் தாமரை இலையில் மடித்து வைத்தால், கண்ட கண்ட ஆவிகள் தின்றுவிட்டுப் போவதா? என் பிள்ளை பட்டினியாய் நிற்பதா? பீச் மரக் குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். அந்தக் குச்சி என்றால் ஆவிகளுக்குக் குலை நடுங்கும்.

முதல் வருஷம், விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் ஒரு குரல் கேட்டது. தண்ணீர் அடைத்த குரல். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை.

"பசிக்குது தாயே."

"உன் பேர் என்ன?"

"தெரியலையே."

"அப்ப நடையைக் கட்டு" என்று குச்சியை வீசினாள். குரல் அழுதுகொண்டே போனது.

இரண்டாம் வருஷம் அதே மாதிரி ஒரு குரல். "தெரிஞ்ச வாசல் மாதிரி இருக்கு தாயே."

பசப்புகிற ஆவி என்று நினைத்தாள். "உன் பேர் என்ன?"

"தெரியலையே."

மறுபடியும் குச்சி.

மூன்றாம் வருஷம் அது சோறே கேட்கவில்லை. "கொஞ்ச நேரம் இங்கயே நின்னுக்கட்டுமா தாயே?" என்றது.

"உன் பேர் என்ன?"

"அதுதான் தெரியலையே தாயே." குச்சி உடைகிற அளவுக்கு ஓங்கி அடித்தாள்.

அதைப் பக்கத்து வீட்டு பாவ்லான் பார்த்துவிட்டாள். அவள் புருஷனும் அதே படகில் போனவன்தான். "என்னக்கா பண்றே?" என்று ஓடிவந்தாள்.

"பேர் கேட்டா சொல்ல மாட்டேங்குது. என் பிள்ளை சோத்துக்கு அடி போடுது."

பாவ்லான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆத்துல போனவங்களுக்குப் பேர் ஏதுக்கா? தண்ணி முதல்ல அதைத்தானே பிடுங்கிக்கும். எங்க வீட்டுக்காரருக்கும் அவர் பேர் தெரியாது. வர்ற கூட்டத்துல அவரும் ஒருத்தரா இருப்பாருன்னுதான் எல்லாருக்கும் போடறேன். எத்தனை தடவை விரட்டினே?"

"மூணு."

"மூணு தடவை விரட்டின வாசலை அவங்க திரும்பிப் பாக்க மாட்டாங்களே, அக்கா."

ஜிங்கூ குச்சியைத் தூக்கி எறிந்தாள். இலைப் பொதியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினாள். தண்ணீரின்மேல் புகை மாதிரி எத்தனையோ உருவங்கள் போய்க்கொண்டிருந்தன. "தாவ்ஷெங், தாவ்ஷெங்" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

ஓர் உருவம்கூடத் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைக்கும் அது கேட்டுத்தான் இருக்கும். யாரோ ஒரு தாய் தன் மகனைக் கூப்பிடுகிறாள், கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பான்.

அழுது என்ன பிரயோசனம், கேட்டதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: என் பிள்ளைக்கு மட்டும் என்று பசித்தவர்களை விரட்டுகிறவர், தன் பிள்ளையையும் சேர்த்தே விரட்டுகிறார்.