உரிமத்துக்கு முன்னால் வந்த தண்ணீர்

ஒரு பரிசுக்கு மூன்று பேர் சண்டை போட்ட கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு குற்றத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிய கதை. கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

திருச்செங்கோட்டு அர்த்தநாரி இருபத்திரண்டு வருடம் பிறத்தியார் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். நாற்பத்தைந்தாம் வயதில் சொந்தமாக, துளை போடும் ரிக் வண்டி ஒன்று வாங்கி, அதைக் கப்பலேற்றி, கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே கம்பெனி தொடங்குவது அவர் எண்ணம். துணைக்கு மனைவியின் தம்பி கந்தவேல். வண்டி வந்து இறங்கியது, வேலைக்கு ஆட்களும் கிடைத்தார்கள். உரிமம் மட்டும் வரவில்லை.

தகராறு அவருடைய பெயரில். விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அப்படி ஒன்று இல்லாததால், அப்பா பெயரான குழந்தைவேலை அதில் எழுதினார். ஊரிலிருந்து வந்த போலீஸ் சான்றிதழிலோ ‘கு. அர்த்தநாரி’ என்று இருந்தது. இவர்கள் இரண்டு ஆட்கள் என்று மனு திரும்பி வந்தது. இருவரும் ஒருவரே என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி அனுப்ப மனைவிக்கு ஆறு வாரம் பிடித்தது. அது வந்து சேர்ந்த அன்று, வண்டியின் துறைமுகக் காகிதத்தில் இனிஷியலே இல்லாமல் ‘அர்த்தநாரி’ என்று மட்டும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது மூன்றாவது ஆள்.

அந்த அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை திறந்திருக்கும். பதினொரு மணிக்கெல்லாம் வரிசையை மூடிவிடுவார்கள். அர்த்தநாரி விடிந்ததும் போய் நிற்பார். கோப்பைப் பார்க்கும் அதிகாரி கிரேஸ் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுவே அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“அத்தனை பேரும் நான்தான் அம்மா. என்னைப் பார்த்தால் தெரியவில்லையா?” என்றார் ஒருநாள், தன் அரைகுறை ஆங்கிலத்தில்.

“எனக்குத் தெரிகிறது. காகிதத்துக்குத் தெரிய வேண்டும். அடுத்த வாரம் வாருங்கள்.”

அவர் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. ஜனவரியில் அதன் கிணறு வற்றியது. இரண்டு வாரத்தில் உரிமம் வந்துவிடும், முதல் போர் உங்கள் பள்ளிக்குத்தான் என்று தலைமையாசிரியை ரூத்துக்கு அப்போது வாக்குக் கொடுத்தார். ஏப்ரலும் பிறந்துவிட்டது. பிள்ளைகள் ஆற்றில் மொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ரூத் வந்தார்.

“பதினெட்டுப் பேர் வயிற்றுப்போக்கில் படுத்திருக்கிறார்கள். உங்களை நம்பித்தான் வேறு யாரையும் கேட்காமல் இருந்தேன். போட்டுக் கொடுங்கள், கேள்வி வந்தால் நான் சொல்லிக்கொள்கிறேன்” என்றார்.

ரூத் போனபின் கந்தவேல் ஆரம்பித்தான்.

“வண்டி வாசல்லயே நிக்குது மச்சான். ஒரு பகல் வேலைங்க.”

“லைசென்ஸ் இல்லாம, துளை போடுற பிட்டு மண்ணைத் தொடக்கூடாது மாப்ள. தொட்டா நாலு மாசம் வரிசையில நின்னது அத்தனையும் வீண்.”

மறுநாள் காலை, “உரிமம் என்னாச்சுன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வர்றேன்” என்று சொல்லி அர்த்தநாரி கிளம்பினார். குளிக்கும்போதுகூடக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கும் வண்டிச் சாவியை அன்று மேஜைமேல் விட்டிருந்தார். பொழுது சாயத் திரும்பியபோது பள்ளி மைதானத்தில் சேறாக இருந்தது. முந்நூற்று எண்பதடியில் நல்ல தண்ணீர். கந்தவேல் தலையிலிருந்து கால்வரை புழுதியோடு நின்றான். அர்த்தநாரி ஒரு வார்த்தையும் திட்டவில்லை. போர்க் குழாயிலிருந்து வழிந்த தண்ணீரைக் குனிந்து இரண்டு கை அள்ளிக் குடித்தார்.

திங்களன்று கிரேஸே வந்து இறங்கினார். கையில் குற்ற அறிக்கை. அனுமதியின்றித் தோண்டியவர் யார் என்ற கேள்விக்கு நேரே, ஒரு பெயர் எழுத ஒரே ஒரு வரி. இடத்துக்குப் பொறுப்பானவர் தோண்டச் செய்திருந்தால் அவர் வேலை போகும். வேலையாள் தன்னிச்சையாகத் தோண்டியிருந்தால் அவன் நாட்டைவிட்டுப் போக வேண்டும். கம்பெனிக்காரர் என்றால் மனு ரத்து, ஒரு வருடத்துக்கு மறுபடி போட முடியாது.

“நான்தான் கேட்டேன். என் பெயரை எழுதுங்கள்” என்றார் ரூத்.

“வண்டியை ஓட்டியது நான். மச்சான் ஊரிலேயே இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது” என்றான் கந்தவேல்.

“வண்டி என்னுடையது. வாக்கும் நான் கொடுத்தது. என் பெயரை எழுதுங்கள்” என்றார் அர்த்தநாரி.

கிரேஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூவரையும் பார்த்தார். பிறகு அர்த்தநாரியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “சனிக்கிழமை எங்கே போயிருந்தீர்கள்?”

“உங்கள் அலுவலகத்துக்கு.”

கிரேஸ் எழுதினார்.

சொல்லுங்கள், அந்த ஒரு வரியில் யார் பெயரை எழுதுவது சரி?

விடை: அர்த்தநாரியின் பெயர். ரூத் கேட்டார், ஆனால் கேட்டதனால் பூமியில் துளை விழுவதில்லை. கந்தவேல் தோண்டினான், ஆனால் சாவி அவன் கைக்குத் தானாக வரவில்லை. நான்கு மாதம் அந்த வாசலில் நின்றவருக்குச் சனிக்கிழமை கதவு திறக்காது என்பது தெரியாதா? தடுக்காமல் இருப்பதற்காகவே அவர் வீட்டை விட்டுப் போனார். மனு ரத்தானது. அன்று மாலை கந்தவேல், “என்னைக் காட்டிக் கொடுத்திருந்தா லைசென்ஸ் வந்திருக்குமே மச்சான்” என்று அழுதான். “நீ தோண்டுவேன்னு தெரிஞ்சுதான மாப்ள சாவியை வெச்சுட்டுப் போனேன்” என்றார் அர்த்தநாரி. ஒரு வருடம் கழித்து அதே வரிசையில் புது மனுவோடு போய் நின்றார்.