மிளகு போன வழி

“உஸ்தாத், இந்தத் துக்கம் எப்போ போகும்?”

வந்ததும் வராததுமாக எத்திராஜ் கேட்டார். ஐம்பதைத் தாண்டிய மனுஷர். கேட்கப்பட்ட உஸ்தாதுக்கு இருபத்தாறுதான்.

பந்தயப் புறா விடுகிறவர்கள் குருவை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேட்டையில் உஸ்தாத் ஒரு பெண். பேர் ரெஹானா. இதில் சிரிக்க எதுவும் இல்லை. சிரித்தவன் புறாவெல்லாம் அவள் புறாவுக்குப் பின்னால்தான் வந்து இறங்கின.

அவள் மொட்டை மாடியில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“எந்தத் துக்கம்ணா?”

“என் பையன் போன துக்கம்.”

தயாளன் அவளிடம்தான் புறா விடப் பழகினான். பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவன் வளர்த்ததில் மிளகு என்கிற புள்ளிப் பெட்டை மட்டும் மிச்சம். அதை வளர்க்கத் தெரியாமல்தான் எத்திராஜ் மகனுடைய குருவிடமே சிஷ்யனாகச் சேர்ந்தார்.

“எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். கோயிலுக்குப் போனேன். அவன் துணிமணியைத் தூக்கிக் கொடுத்தேன். வீட்டையே மாத்திட்டேன். அந்தப் பழைய வீட்டு மாடிப்படியைப் பார்க்கவே முடியலை. அதான் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டேன். அப்பவும் போகலை.”

“புறா எப்படி இருக்கு?”

“தீனியைத் தொட மாட்டேங்குது.”

கூடையை நீட்டினார். மிளகின் இரண்டு இறக்கையிலும் பிளாஸ்திரி. புது வீட்டிலிருந்து பறந்துவிடக் கூடாது என்று அவரே ஒட்டியது.

ரெஹானா விரலில் எண்ணெய் தொட்டு பிளாஸ்திரியை மெல்ல மெல்ல உரித்தாள்.

“காயம் இருக்கான்னு பார்க்கறீங்களா உஸ்தாத்?”

“இல்லை.”

புறாவை வானத்தில் விசிறினாள்.

எத்திராஜ் கத்தினார். வாயில் மரியாதை வரவில்லை.

“அடிப் பாவி, என்ன பண்ணே? என் பிள்ளை விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்.”

“தெரியும்ணா.”

“திரும்பி வருமா?”

“அது வீட்டுக்கு வரும்.”

மிளகு தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றியது. எத்திராஜ் தீனி டப்பாவை எடுத்துக் கலகல என்று குலுக்கினார். “இங்க பாரு, வீடு இந்தப் பக்கம். வா, வா.”

இன்னொரு சுற்று. அப்புறம் நேராக ரயில்வே கேட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது.

“வீட்டுக்கு வரும்னீங்க. எதிர்ப்பக்கமா போகுது?”

“எந்த வீட்டுக்குன்னு சொன்னேனா?”

புறா எந்த மாடியில் பறக்கப் பழகியதோ அங்கேதான் போகும். நீ நூறு வீடு மாற்று, அதற்கு என்ன. புறா விடுகிற எந்தப் பயலுக்கும் இது தெரியும். எத்திராஜுக்கு இப்போதுதான் உறைத்தது.

“ஐயோ உஸ்தாத். அந்த மாடியில கூண்டைப் பூட்டி வெச்சிருக்கேன்.”

“ஆமா.”

“ஒண்ட ஒரு மறைப்பு கிடையாது. வல்லூறு சுத்துற நேரம் இது.”

“ஆமா.”

“என்ன ஆமா? சாவி தரேன். நீங்க ஓடிப் போய்த் திறங்க.”

சாவி அவர் அரைஞாண் கயிற்றிலேயே இருந்தது. அவிழ்த்து நீட்டினார். ரெஹானா முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

“எனக்குப் புடைக்க இன்னும் நிறைய இருக்குண்ணா.”

எத்திராஜ் ஓடினார்.

கேட் சாத்தியிருந்தது. குனிந்து புகுந்தார். “யோவ், சாவறதுக்கு வேற இடம் கிடைக்கலையா?” என்று கேட்மேன் கத்தினான். தண்டவாளத்துக் கல்லில் ஒரு செருப்பு போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய தெருவில் இட்லிக் கடை லோகாக்கா எழுந்தே விட்டாள்.

“எத்திராஜு, எங்கய்யா போனே இத்தனை நாளா?”

“அப்புறம் சொல்றேன். புறா, புறா.”

மேலே வந்து மூச்சு வாங்கினார். அப்போதுதான் தெரிந்தது, அந்த மாடிப்படியில் ஏறி வந்திருக்கிறோம் என்று.

மிளகு தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தது. உயரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி சுற்றிக்கொண்டிருந்தது.

கூண்டைத் திறந்தார். கூப்பிட்டார். மிளகு அசையவில்லை. தீனி டப்பா உஸ்தாத் வீட்டிலேயே கிடந்தது.

தயா எப்படிக் கூப்பிடுவான்?

இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பான். நீளமாக ஒன்று, குட்டியாக ஒன்று. “ரவுடிப் பய மாதிரி என்னடா இது,” என்று கீழேயிருந்து கத்துவார். தினமும் கத்துவார்.

விரலை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது.

கறுப்புப் புள்ளி கீழே இறங்கியது. இறக்கை தெரிந்தது.

மறுபடி ஊதினார். எச்சில் வந்தது. மிளகு தலையைச் சாய்த்துப் பார்த்தது.

மூன்றாவது தடவை தெருவே நிமிர்ந்து பார்த்தது. அப்படியே அவன் விசில்.

மிளகு விழுந்தது போல இறங்கிக் கூண்டுக்குள் பாய்ந்தது. எத்திராஜ் கதவை அறைந்து சாத்தினார். வல்லூறின் நிழல் மாடியைத் தடவிக்கொண்டு போனது.

உள்ளே மண்சட்டியில் தயா கடைசியாகப் போட்ட கம்பு பாதி கிடந்தது. எத்திராஜ் கூண்டுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்குக் கொட்டியது. துடைக்கவில்லை.

பின்னாலேயே ரெஹானா வந்து சேர்ந்தாள். கையில் அவருடைய செருப்பு.

“அண்ணா, துக்கம் எப்போ போகும்னு கேட்டீங்களே…”

“சும்மா இருங்க உஸ்தாத்,” என்றார் எத்திராஜ். “அது தின்னுது.”